இரண்டு கன்னமும்

மார்ச் 4
லூபஸ் நோய்க்கான அரசு ஆய்வில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எந்த மருந்து யாருக்குக் கேட்கிறது என்று பார்த்து, இந்த நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கப்போகிறார்களாம். மாதம் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள், முகத்தைப் படம் பிடிப்பார்கள். மூக்கின் இருபுறமும் சிவந்திருப்பது நோயின் அடையாளம் என்றார் டாக்டரம்மா. "உங்க உடம்பே உங்கள அடிக்குதும்மா." சிரிப்பு வந்துவிட்டது. அதற்குத்தான் வீட்டுக்காரர் இருக்கிறாரே.

மார்ச் 29
விரல் மடங்கவில்லை, வெந்நீர்ப் பாத்திரம் நழுவிவிட்டது. "நடிக்கிறியா?" இடது கன்னத்தில் அறை. விழுந்தபின் இடுப்பில் உதை.

ஏப்ரல் 2
ஆய்வுக்கு அவரும் வந்தார். என் கன்னத்தைப் பார்த்து டாக்டரம்மா நெற்றியைச் சுருக்க, "நோய் முத்திப்போச்சு டாக்டர். லேசா பட்டாலே கன்னிப்போகுது" என்றார், கண்கலங்கி. நடிகன்! மாத்திரையை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

ஏப்ரல் 20
மாத்திரை கூடியதிலிருந்து முகம் வீங்கிவிட்டது. கை நடுங்குகிறது. இவர் அடிப்பதெல்லாம் அரசாங்கக் கணக்கில் என் நோயாக ஏறுகிறது. இதை நம்பித்தானே நாளை இன்னொருத்திக்கும் மருந்து எழுதுவார்கள்?

மே 4
கதவில் என் தலையை மோதினான். கன்னமெல்லாம் நீலம், காதில் ரத்தம். காபி ஆறிடுச்சாம். பாவி. செத்துருவேனோ— இவன் அடியிலயா, அந்த மாத்திரையிலயா?

மே 6
"இன்னும் கொஞ்சம் கூட்டணும் போலிருக்கு" என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க. இது நோயில்ல. இவர் அடிச்சது." சத்தமாகவே சொன்னேன்.

பக்கத்திலிருந்த வீட்டுக்காரர் முடியைப் பிடித்து என் முகத்தை மேசையில் இடித்தார். ஒருமுறை அல்ல. ரத்தக் குப்பிகள் உருண்டு விழுந்து உடைந்தன. நானும் சும்மா இருக்கவில்லை. பல் பதிய அவர் கையைக் கடித்தேன். காவலாளி வந்துதான் பிரித்தார். "இதுவும் நோய்தானாய்யா?" என்று டாக்டரம்மா கத்தினார். அவருடைய வெள்ளைக் கோட்டெல்லாம் என் ரத்தம்.

மே 7
போலீஸ் அவரைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு முன்பல் ஒன்று போயிற்று.

ஜூலை 3
அக்கா வீட்டிலிருந்தே ஆய்வுக்குப் போனேன். இப்போதெல்லாம் கூட வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் எங்களிடம் பேசுகிறார்கள். மாத்திரை பழைய அளவுக்கு வந்துவிட்டது.

படம் பிடித்ததும் டாக்டரம்மா வருத்தத்தோடு, "சிவப்பு இன்னும் போகலம்மா" என்றார்.

கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நீலம் எங்கும் இல்லை; இரண்டு கன்னமும் ஒரே மாதிரி சிவந்திருந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.