அலசிய சட்டை

ஐப்பசி 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். காகிதமெல்லாம் நமத்துப்போய்க் கிடக்கிறது. ஸ்கூல் அரை நாள்தான்; பிள்ளைகளை மத்தியானமே அனுப்பிவிட்டோம். இன்று மை தடவிக் காகிதத்தில் அச்சு எடுத்துப் பார்த்தவை: கிழிந்த வலை (பரவாயில்லை), மீன் பெட்டி மூடி (மோசம்), கரி தூவிய ஐஸ் கட்டி (ஒரே சகதி). மை: போட் எஞ்சினில் வடித்த கழிவு ஆயில், அடுப்புக் கரி. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. ஆனால் நல்ல கறுப்பு.

திருச்சி ஓவியக் கண்காட்சிக்கு அனுப்ப ஒன்றுகூடத் தேறவில்லை.

தம்பி இன்னும் அக்கரைச் சிறையில்தான். எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரை நேவி படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளிக்கிழமை கோர்ட். விட்டுவிடுவார்கள் என்கிறார்கள் மீனவர் சங்கத்தில். போன தடவையும் இதையேதான் சொன்னார்கள்.

13, புதன்

மழை. கரண்ட் இல்லை.

தம்பியின் சட்டை ஆணியில். கடலுக்குப் போகுமுன் கழற்றி மாட்டியது. போனவன் கரையேறும்வரை அவன் துணியை எங்கள் வீட்டில் தண்ணீரில் போடுவதில்லை. உப்பும் வியர்வையும் காய்ந்து விறைத்திருக்கிறது. சாயங்காலம் விளக்கேற்றியதும் ஆத்தா அதை முகத்தில் வைத்து எடுப்பாள். பெற்றவள் அல்லவா. நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

இன்று அந்தக் காலர் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மை ஒற்றினால் ஒவ்வொரு சுருக்கமும் விழும். மை ஒற்றுவது அலசுவது ஆகாது. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

15, வெள்ளி

மழை லீவு. கோர்ட் செய்தி சங்க ஆபீஸுக்குத்தான் வரும் என்று ஆத்தா விடியுமுன்னே அங்கே போய்விட்டாள்.

சட்டையைப் பலகையில் விரித்து, மை ஒற்றி, காகிதம் போட்டு, பூரிக்கட்டையால் உருட்டினேன். போதாமல் ஏறி நின்று மிதித்தேன். இரண்டு பிரதி. முதலாவது சுமார். இரண்டாவதில் தையல், பொத்தான், பையில் கிடந்த பஸ் டிக்கெட்டின் விளிம்புகூட. இப்படி ஒன்று என் கையால் வந்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல்.

அச்சு எடுத்தவுடன் பலகையோ தகடோ, எதுவானாலும் கழுவிவிட வேண்டும். ஓவியக் கல்லூரியில் படிக்கும்போதே ஊறிய பழக்கம். கை தானாகப் போயிற்று. மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புப் போட்டு, வாளியில் அலசி, திண்ணைக் கொடியில் உதறிப் போட்ட பிறகுதான் உறைத்தது. எடுத்து முகத்தில் வைத்தேன். சோப்பு. சோப்பு மட்டும்தான்.

மத்தியானம் ஆத்தா வந்தாள். கேஸைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். சொல்லிக்கொண்டே கொடியைப் பார்த்தாள்.

"யாரு அலசுனது?"

"நாந்தான் ஆத்தா. நெனப்பில்லாம..."

"எப்ப?"

"காலையில."

உள்ளே போய்விட்டாள். அங்கே கோர்ட் கூடியதும் காலையில்தான்.

16, சனி

சோறு வைக்கிறாள். பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக் குரல்: "அவுக மகன் சட்டைய அலசிப்புட்டாகளாம்ல."

கோர்ட்டுக்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம். ஒன்றுமில்லை. தெரியும். ஆனாலும் நான் அலசிய நேரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்கிறேன்.

கண்ணாடியின் திருகாணி எங்கோ விழுந்துவிட்டது. டவுனுக்குப் போனால் மாற்ற வேண்டும். குடை. சாக்பீஸ்.

19, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. ஸ்கூல் முடிந்து வந்தால் ஆத்தா என் அறையில். திருச்சிக்கு என்று காயப்போட்டிருந்த இரண்டாவது பிரதி அவள் கையில். இந்த மை காய்கிற மை இல்லை. அவள் மூக்கு நுனியில் கறுப்பு.

"டீசல் வாடையாவுல்ல இருக்கு. அவனும் இப்படித்தான் நாறிக்கிட்டு வருவான்."

பையை இறக்கி வைத்தேன்.

"இதுல தண்ணி பட்டா என்னாகும்?"

"காயிதம் ஊறிக் கிழிஞ்சுரும் ஆத்தா."

"அப்ப ஒன்னால இத அலச முடியாது."

சட்டை தொங்கிய ஆணியிலேயே குத்தி மாட்டினாள். காலர் பக்கம் கிழிந்தது. விட்டுவிட்டேன்.