ஓட்டுக்கு முன் வந்த கெரோப்போக்

அன்பு மகன் அஸ்மாவிக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கருணையால் இங்கே திரெங்கானுவில் நானும் உன் மகள் சுமையாவும் சுகம், கடல் தாண்டித் தாவாவில் நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அதுவே எனக்குப் போதும். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர வியாழக்கிழமையிலிருந்து என் நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை.

போன வருடம் சுமையா பள்ளிக்கூடக் கூட்டுறவுக் கடைக்கு மாணவர் தலைவியாக இருந்தாளே, அவள் வந்த பிறகுதான் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், பழைய ரொட்டியைத் தலையில் கட்டுவதில்லை என்று ஆசிரியர் ரொஸ்மானே சொன்னார், சந்தையில் நான் அதைச் சொல்லாத ஆள் இல்லை. வியாழக்கிழமை மறுபடியும் தேர்தல், பெற்றோரும் வரலாம் என்றார்கள். கூட்டம் கூடுகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் நம் வீட்டில் உண்டா, மீன் அரைத்துக் கெரோப்போக் பொரித்து, மிளகாய்ச் சாறும் வைத்து, மண்டப வாசலில் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தேன். சாப்பிட்டாச்சு தோக், இனி ஓட்டு உங்க பேத்திக்குத்தான் என்று ஒரு பயல் என்னைப் பாட்டி முறை வைத்துக் கத்தினான், பின்னே வேற யாருக்குடா போடுவே என்று நானும் சிரித்துவிட்டேன்.

சுமையா கேட்டுவிட்டாள். நேரே மைக் முன்னால் போய், எங்க தோக் அன்பாத்தான் குடுத்தாங்க, ஆனா ஓட்டுக்கு முன்னாடி குடுத்துட்டாங்க, என் பேரை எடுத்துடுங்க, நாளைக்குக் கடைக்குச் சரக்கு போடுறவங்க இதே மாதிரி எனக்கு ஊட்டினா நான் எந்த வாயால வேணாம்பேன் என்றாள். இடுக்கியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். போட்டிக்கு நின்ற வான் நபீலா தலைவியாகிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன், ஒரு தட்டுக் கெரோப்போக்குக்குப் பதவியை விடுவாளாடி ஒருத்தி என்று. ஒரு தட்டுக்கு விடலேன்னா ரெண்டு தட்டுக்கு வித்துடுவேன் தோக் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். பதினாறு வயதுப் பெண் பேசுகிற பேச்சா இது. ஞாயிற்றுக்கிழமை பள்ளி விட்டதும் நபீலாவோடு கடைக்குச் சரக்குப் பெட்டி தூக்கப் போய்விட்டாள், ஒரு முகச்சுளிப்பு இல்லை.

நீ போனில் பேசும்போது அவளுக்கு ஆறுதல் சொல்லித் தொலைக்காதே, அவள் அழவில்லை, அழுதது நான்தான். மருமகளிடம் நீயே பக்குவமாகச் சொல். இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடாதே. உங்கள் இருவரையும் அல்லாஹ் கண்போல் காக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் திகைப்பு மாறாத உன் அம்மா,
சித்தி மைமூன்