பெரியம்மாவுக்கு ஒரு டிவிடி

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி காயவில்லை. ஆபீசில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை, நானும்தான்.

பெரியம்மா போன். ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் அவள் வீட்டில் ஜெபம். மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து இறங்கிவந்தவர்கள் எல்லோரும் வருகிறார்களாம். "ஏலே சாமு, வீட்டைக் காலி பண்ணுன அன்னைக்கு மேல வந்து படம் புடிச்சியே, அதப் பெட்டில போட்டுக் காட்டணும்லே. எல்லாரும் கேக்காவ."

பெட்டி என்றால் டிவி. பென்டிரைவ் எல்லாம் அதில் ஓடாது. பெரியப்பா இருந்தபோது வாங்கிய டிவிடி பிளேயர் மட்டும் உண்டு, துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். ஆக, டிவிடி. இந்தக் காலத்தில்! சரி என்றேன்.

நவம்பர் 5, புதன்

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. சின்னவளுக்குப் பரீட்சை, கம்ப்யூட்டரில் சத்தம் வைத்தால் என் வீட்டுக்காரி எஸ்தர் முறைக்கிறாள். சத்தத்தை அடைத்துவிட்டேன். என்ன இருக்கப்போகிறது அதில், காற்றுச் சத்தம்தானே.

டிவிடி போடும் சாஃப்ட்வேர் மூன்று இறக்கிப் பார்த்தது:

1. இலவசம். படத்தின் குறுக்கே தன் பெயரைப் பெரிதாக எழுதுகிறது. பெரியம்மா நெற்றியில் போய் விழுந்தது. வேண்டாம்.

2. இதுவும் இலவசம். முகப்பு கிடையாது. போட்டதும் படம் நேரே ஓடும். மொட்டையாக இருக்கிறது.

3. முகப்பு உண்டு. பூ, கொடி, மணி என்று ஏகப்பட்டது. படத்திலிருந்தே ஒரு துண்டை எடுத்து முகப்பில் ஓடவிடவும் செய்கிறது. யாராவது பிளே அமுக்கும்வரை அது திரும்பத் திரும்ப ஓடும். பிரமாதம்.

"ரெண்டாவது போதும்ங்க. பெரியம்மாவுக்கு ரிமோட்ட அமுக்கவே தெரியாது" என்றாள் எஸ்தர். நான் கேட்கவில்லை. டவுன்காரன் செய்தது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா. மூன்றாவதுதான்.

நவம்பர் 7, வெள்ளி

முகப்புக்குத் துண்டு கிடைத்துவிட்டது. எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருந்த லயன் வீட்டு வாசல், பின்னால் தேயிலை, மேகம் இறங்குகிறது. உள்ளேயிருந்து பெரியம்மா டீ கொண்டுவருகிறாள். கல்யாண வீடியோக்காரன்கூட இப்படி எடுக்க மாட்டான்.

இரண்டு டிவிடி வீண். மூன்றாவது சரியாக வந்தது. தலைப்பு சிவப்பு எழுத்தில்.

வாங்க: எலுமிச்சை, சின்னவளுக்கு ஸ்கேல், கொசுவர்த்தி.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஜெபம் முடிந்தது. கூடம் நிறைய ஆள், உபதேசியார் நாற்காலியில். டிவிடியைப் போட்டேன். முகப்பு. "எங்க லயன்! எங்க லயன்!" என்று ஒரே கூச்சல். பிறகு என் குரல். அன்றைக்குப் போனில் படம் பிடித்தபடி, பக்கத்தில் நின்ற எஸ்தரிடம் நான் சொன்னது:

"பெரியம்மா நம்மகூட வாரேன்னு கேட்டா, மாடில வேலை நடக்குன்னு சொல்லிரு. ஒரு தடவ கூட்டிட்டுப் போயிட்டோம்னா பெறகு அனுப்ப முடியாது."

முகப்பு மறுபடி ஓடியது. மறுபடி அதே. ரிமோட்டைக் காணோம். பாயைத் தூக்கிப் பார்க்கிறேன், பாட்டுப் புத்தகங்களைக் கலைக்கிறேன், என் குரல் நிற்கவில்லை. "என்னவே, இதே ஓடுது?" என்றார் பின்னால் ஒருவர். யாரோ அவரை அடக்கினார்கள். கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன்.

அதற்குள் படத்தில் பார்த்துவிட்டேன். பெரியம்மா டீயோடு வாசல்வரை வருகிறாள். நிற்கிறாள். அப்படியே திரும்பி உள்ளே போகிறாள். சீனி எடுக்கப் போகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

அன்றைக்கே கேட்டிருக்கிறாள். கேட்டும்தான் போன வருஷம் முழுக்கப் போன் பண்ணினாள், கிறிஸ்மசுக்குச் சின்னவளுக்குத் துணி எடுத்தாள்.

எல்லோருக்கும் வடை கொடுத்தாள். எனக்கும் இரண்டு வைத்தாள். தின்றேன். அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சி தாண்டியதும், "நானும்தான் சரின்னு தலையாட்டுனேன்" என்றாள் எஸ்தர்.

நவம்பர் 12, புதன்

வெயில். ஆபீசில் இரண்டு தபாலை மாற்றிப் போட்டேன்.

வீடு சின்னது, பிள்ளை படிக்கிறாள் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். பொய். கூட வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்தால், இது என் பெரியம்மா, எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதுதான். அவ்வளவு கேவலமானவன் நான். அம்மா போன பிறகு ஸ்கூல் லீவுக்கெல்லாம் அவளிடம்தான் போய்க் கிடந்தேன்.

எஸ்தரும் நானும் பேசிப் பின்னறையை ஒழித்தோம். கம்ப்யூட்டர் இப்போது கூடத்தில். கட்டில் போட்டாயிற்று.

நவம்பர் 15, சனி

மழை விட்டிருந்தது. ஆறு செம்மண்ணாக ஓடுகிறது. அம்பைக்குத் தனியாகப் போனேன்.

பெரியம்மா டீ போட்டுத் தந்தாள். குடித்து முடித்து டம்ளரைக் கழுவிவைத்தேன். பிறகு, "பெரியம்மா, நம்ம வீட்டுக்கு வந்துருங்க. ரூம் ஒழிச்சு வச்சிருக்கோம்" என்றேன்.

"எதுக்குலே? இங்கன எல்லாம் நம்ம லயன் ஆளுவதான். கூப்புட்டா ஓடி வருவாவ." கோபமே இல்லை குரலில். மன்னிப்புக் கேட்க நினைத்ததைக் கேட்க முடியவில்லை.

எழுந்துபோய் டிவிடியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"வீடு நல்லாத் தெரியுதுலே இதுல. தெனம் ஒருக்கா பாக்கணும் போல இருக்கு. சத்தம் இல்லாம ஒண்ணு போட்டுத் தாரியா?"

"சரி பெரியம்மா. சத்தம் எல்லாத்தையும் எடுத்துருதேன்."

"எல்லாத்தையும் எடுக்காண்டாம். அங்கன உள்ளவுக பேசுதது இருக்கட்டும். ஒஞ் சத்தத்த மட்டும் எடுத்துரு."