கண்ணைப் பொத்திய கை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் இருமல் நின்றதா? புது ஊரில் ஹோட்டல் சாப்பாடே கதி என்று கிடக்காதே. உன் மாமாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை.

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. வேலை அதிகம் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. எழுதப் பயந்தேன்.

போன ஞாயிறு மதியம் டிவியில் நம் பழைய பேய்ப்படம் போட்டார்கள். பூட்டிய பங்களாவில் ஒரு மருத்துவச்சி பேயாக அலைவாளே, அதேதான். ஆறு வயதில் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னைத் துணைக்குக் கூப்பிடாமல் நீ குளியலறைக்குக்கூடப் போகவில்லை. இப்போது பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. பேயின் சவுரி ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. உன் மாமா, 'இந்தப் பேய்க்கு யாராவது ஒரு ஹேர்பின் குடுங்கப்பா' என்றார்.

நடுவில் ஒரு காட்சி வரும். அந்த இசை கேட்டதுமே பெரிய தைரியசாலி போல உன் கண்ணைப் பொத்துவேன். உண்மையில் நானும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். அப்புறம் பேய் கூரையிலிருந்து தலைகீழாக இறங்கியது என்று உன்னிடம் கூசாமல் அளப்பேன்.

இந்த முறைதான் அதைக் கண் திறந்து பார்த்தேன். அதில் பேயே இல்லை, தம்பி. அந்த மருத்துவச்சி அப்போது உயிரோடு இருக்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் மறைத்த தொற்றுநோயை வெளியே சொல்லிவிட்டாள். அவளைப் பங்களாவில் வைத்துப் பூட்டலாமா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்கிறார்கள். ஒவ்வொரு கையாக உயர்கிறது. ஒருத்தி இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு கை தூக்குகிறாள். கொடுமைக்காரியாகவே தெரியவில்லை.

அரசியல் என்றால் மேடையும் மைக்கும் என்று நினைத்திருந்தேன். உன்னைக் கூப்பிடாமல் நடத்திய நம் குடிநீர் அலுவலகச் சங்கக் கூட்டத்தில் ஆளுங்கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் சாய்ந்து நின்றார்கள், அவ்வளவுதான். யாரும் மிரட்டவில்லை. தண்ணீரில் கழிவு கலக்கிறது என்று நீ கொடுத்த அறிக்கைக்குச் சங்கம் துணை நிற்காது என்று தீர்மானம். முப்பத்தேழு பேரில் முப்பத்தாறு கை. மறுவாரமே உன்னை அங்கே மாற்றிவிட்டார்கள்.

'தூக்காத அந்த ஒரு கை உன்னோடதுதான்னு தெரியும்க்கா, எனக்கு அது போதும்' என்று எழுதியிருக்கிறாய்.

அது நான் இல்லை. தூங்குமூஞ்சி என்று நீ கேலி செய்வாயே, தண்ணீர் லாரி ஓட்டுநர், அவர். கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் தூக்கினேன். பக்கத்து நாற்காலிக்காரி தூக்கியதும் என் கையும் மேலே போய்விட்டது. பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை.

புதன்கிழமை உன் மேல்முறையீட்டு விசாரணையில் ஓட்டுநர் சாட்சி சொல்கிறார். நானும் பெயர் கொடுத்துவிட்டேன். வாசலில் நின்றது யார், நான் ஏன் கை தூக்கினேன், இரண்டையும் சொல்வேன். உன் மாமா, 'நல்லா யோசிச்சுக்கோ' என்றார். பிறகு அவரே என் துணியை இஸ்திரி போட்டு வைத்தார்.

என்மேல் கோபப்படு, திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது. விசாரணைக்கு வரும்போது நம் வீட்டிலேயே தங்கு. அந்தப் படத்தைச் சேர்ந்து பார்ப்போம். இந்த முறை உன் கண்ணைப் பொத்தமாட்டேன்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. நூறு வயது நன்றாக இரு.

உன் அக்கா