மாப்பிள்ளையின் இழுப்பறை

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலமா? இங்கே நலமில்லை. இவருக்கு இரைப்பைப் புற்று முற்றிவிட்டது, டாக்டர் கைவிரித்துவிட்டார். நெஞ்செரிச்சலுக்கு ஆறு வருஷமாக நீ அனுப்பினாயே, அந்த மாத்திரையில் புற்றை உண்டாக்கும் ஏதோ கலந்திருந்ததாம். நிறையப் பேர் கம்பெனி மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். இவரும் அதைத்தான் சாப்பிட்டார் என்று காட்ட பில் வேண்டும் என்கிறார் வக்கீல். உன் மருந்துக்கடையில் தேடிப் பார். கடிதம் போட அலுத்துக்கொள்ளும் சோம்பேறியே, இதற்காவது உடனே எழுது.

உன் செல்லப் பாப்பா

மார்ச் 9

பாப்பாவுக்கு,

படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பில் இல்லையம்மா. வீட்டு மனுஷருக்கு யாராவது பில் போடுவார்களா? மாப்பிள்ளைக்கென்று தனி இழுப்பறை வைத்து, சரக்கு வந்ததும் முதலில் அதைத்தான் நிரப்புவேன். காலி மாத்திரை அட்டை ஏதாவது கிடக்கிறதா பார். ஒவ்வொன்றிலும் மாதத்தை எழுதித்தான் அனுப்பினேன்.

அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

அவர் கண்ணாடிக் கூட்டில் ஓர் அட்டை கிடைத்தது. நவம்பர் என்று உன் கோழிக்கிறுக்கல். வக்கீலிடம் ஓடினேன். அவர் அட்டையில் அச்சடித்த சரக்கு எண்ணைப் பார்த்துவிட்டு, அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பச் சொல்லி போன ஜூலையிலேயே எல்லாக் கடைக்கும் அறிவிப்புப் போனது என்றார். கம்பெனி இனி கடைக்காரரைக் கைகாட்டிவிடுமாம். அறிவிப்பு உனக்கு வரவில்லை என்று ஒரு வரி எழுது அண்ணா, போதும்.

பாப்பா

மார்ச் 26

பாப்பா,

வந்தது. அன்றே அலமாரியைக் காலிசெய்து எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். இழுப்பறை ஞாபகமே வரவில்லை. அது கடைச் சரக்கு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நவம்பர் வரை அதிலிருந்துதான் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அட்டையை வக்கீலிடமே கொடுத்துவிடு. எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன். மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன்?

அண்ணன்

ஏப்ரல் 11

அண்ணனுக்கு,

அவர் செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் பார்த்தால் எண்ணும் உன் எழுத்தும் பிளேடால் சுரண்டிக் கிடந்தன. ஏன் என்று கேட்டேன். "மச்சானக் கூண்டுல ஏத்திட்டு நான் நிம்மதியா போக முடியுமா?" என்றார். இனி வழக்கு நிற்காது என்று வக்கீல் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவருக்கு மனசு வந்தது. எனக்கு வரவில்லை. உன் பெயரை வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன், வீட்டிலும் சொல்ல மாட்டேன். வராதே. பார்சலும் அனுப்பாதே. தலைவலி வந்தால் தெருமுனைக் கடையில் பில் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

தங்கை