ரம்பங்களை விற்க மாட்டேன்

அன்பு மகளுக்கு, பெற்றவனாக இல்லாவிட்டாலும் வளர்த்த உரிமையில் சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் இரும்புக் குண்டு மாதிரி இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். என் விரலில் தையல் போட்ட செய்தியை உனக்கு யார் சொன்னது என்று கேட்க மாட்டேன், இந்த வீட்டில் யாருக்கு வாய் நீளம் என்று தெருவுக்கே தெரியும். ரம்பம் பட்ட சின்னக் கீறல்தான். தையல் போட்ட டாக்டரே அசந்துபோய், "இது கையா, கருங்கல்லா?" என்று கேட்டார். அதற்காக ரம்பங்களை விற்றுவிட்டு உன்னோடு வந்து உட்காரச் சொல்லி, என்னைக் கேட்காமல் பழைய மெஷின் வியாபாரியையும் அனுப்பிவிட்டாயே, இது நியாயமா?

வந்தவன் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் வட்டமாத்தானே சுத்துது, ஒண்ணு போதாதா?" என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. நீளப் பலகையை நூல் பிடித்தாற்போல் கிழிக்க மேசை ரம்பம், சட்டத்தைக் குறுக்கிலும் கோணத்திலும் வெட்ட மேலிருந்து இறக்கும் ரம்பம், தண்ணீர் விட்டு டைல்ஸ் அறுக்க வைரப் பிளேடு, தூக்க முடியாத பிளைவுட்டைக் கிடந்த இடத்திலேயே வெட்டக் கையில் பிடிக்கும் ரம்பம், வேகமாகக் கிழிக்கப் பல் குறைந்த பிளேடு, வழவழப்புக்குப் பல் நிறைந்தது என்று சட்டசபையில் பேசுவதுபோல் முழங்கினேன். கொட்டாவி விட்டான். ஓட்டிப் பார்க்கிறேன் என்று கை ரம்பத்தை எடுத்து, மைக்கா ஒட்டிய பலகையை, மைக்கா மேலே தெரிய வைத்து அறுத்தான். ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி பிய்ந்தது. "பல்லு போச்சு, பழைய இரும்புக்குத்தான் ஆகும்" என்றான். அதுவரை உன் கட்சியில் இருந்த உன் சித்திக்கு வந்ததே கோபம்! "பல்லு நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் அறுக்கத் தெரியல. இது கீழேருந்து மேல வெட்டும், மைக்காவக் கீழ வெச்சுக் கவுத்துப் போடுங்க" என்றாள். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது, அவள் மறுத்தால் நம்பாதே. கவிழ்த்துப் போட்டு நானே அறுத்தேன், ஓரம் கண்ணாடி. "இத விக்கிறதா இல்ல, கிளம்புங்க" என்று அவளே கதவைக் காட்டிவிட்டாள்.

ஆகவே விற்க மாட்டேன், அங்கே குடிவரவும் மாட்டேன், பார்க்க வேண்டுமானால் வருகிறேன். கையைக் காக்கும் பிளேடு உறையைத் தூக்கிக் கட்டி வைப்பதை நிறுத்திவிட்டேன், தூசி படாமல் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டுகிறேன், சித்தி மிரட்டியதால் அல்ல, உனக்காக. உன் சமையலறை அலமாரியை அங்கே எவனிடமாவது கொடுத்துப் பாழாக்காதே, மறக்காமல் அளவு அனுப்பு. இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருங்கள். நீ அனுப்பிய வியாபாரி திரும்பி வந்து இப்போது வாசலில்தான் நிற்கிறான், தன் வீட்டுக் கதவை அறுத்துத் தரச் சொல்லி. முன்னால் ஆள் இருக்கிறது, காத்திரு என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
எவனுக்கும் வளையாத உன் சித்தப்பா