முறத்தில் காய்ந்த புஸ்வாணம்

இயேசு மரி சூசை துணை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
10.12.2002

அன்புப் பேத்தி வினோலியாவுக்கு உன் அப்பத்தா செபஸ்தியம்மாள் நெற்றியில் சிலுவை வரைந்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். டெல்லிக் குளிர் உன்னை வாட்டாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் தம்பி ஸ்டீபன்ராஜ் காலாண்டுத் தேர்வில் கணக்கில் தொண்ணூற்றெட்டு. மீதி ரெண்டு எங்கே போச்சு என்று உன் அப்பன் கேட்டான். அவன் பத்தாவதில் கணக்கில் தவறிய கதையை நான் எடுத்ததும் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அத்தை மகள் ஐரின் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. அந்தக் கோப்பையை நம் கடையில் மிட்டாய் பாட்டில்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. நீ நர்ஸ் வேலையில் சேர்ந்ததைச் சாமியார் பூசையிலேயே சொன்னார். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்.

ஒரு விஷயம் தாயி. பெட்டிக்கடைகளில் வெடி விற்கக் கூடாது, ஊருக்கு வெளியே திடலில் லைசென்ஸ் வாங்கியவர்கள் விற்கட்டும் என்று நம் தெருக்காரர்கள் கலெக்டருக்கு மனு எழுதினார்கள். எதிர்க்கடை மரியசெல்வம் வந்து, "பெரியம்மா, நீங்க கையெழுத்துப் போட்டுறாதீங்க. திடலுக்குப் போயி பெட்டி பெட்டியா வாங்க எல்லாருக்கும் ஏலுமா? ஒத்தச் சரம், ஒத்த மத்தாப்புன்னு ஏழைப் பிள்ளைக நம்மகிட்டத்தான வாங்குது" என்றான். அதிலும் நியாயம் உண்டு. ஒற்றை மத்தாப்போடு ஒரு பிள்ளை சிரிக்கிற சிரிப்பை நானும் பார்த்தவள்தான்.

ஆனாலும் போன ஞாயிறு தெருமுனையில் கூடியபோது கையெழுத்துப் போட்டேன். நாலு வருசத்துக்கு முன்னாடிவரைக்கும் நீதான வித்த, இப்ப என்ன திடீர் ஞானம் என்று ஒச்சாயி இடக்காகக் கேட்டாள். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஊர் வாயில் நீ கேட்பதற்கு முன் என் கையால் எழுதுகிறேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் சாயங்காலம் உன்னிடம் கொடுத்த புஸ்வாணம் தீபாவளிக்கு விற்று மிஞ்சியது. உப்பு மூட்டையை ஒட்டிக் கிடந்து நமத்துப்போயிருந்தது. முறத்தில் பரப்பி மூன்று நாள் வெயிலில் வைத்தேன். தொட்டால் காய்ந்திருந்தது, உள்ளே மருந்து கட்டிபட்டது எனக்குத் தெரியவில்லை. பேர்பாதி விற்றேன். இருந்ததிலேயே பெரிசாகப் பார்த்து உனக்கென்று எடுத்து வைத்தேன். அது பூவாகச் சொரியாமல் வெடித்தது.

பிள்ளைக்கு அவசரம், குனிஞ்சு பாத்துட்டா என்று எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட முகத்தோடு நீயும், நான்தான் கிட்டப் போயிட்டேன் அப்பத்தா, அழுகாத என்றாய். நான் வாய் திறக்கவில்லை. நாலு வருடமாகத் திறக்கவில்லை. தப்பு உன்னுடையது இல்லை, தாயி.

திடலில் விற்கிறவனும் நமத்ததை விற்கலாம். ஆனால் அவனைக் கேட்க ஆள் உண்டு. என்னை யாரும் கேட்கவில்லை.

நடுவீட்டுச் சுவரில் எல்லாப் பிள்ளைகளின் படமும் புதுசு. உன்னுடையது மட்டும் சின்னப் பிள்ளையில் கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கிய அன்று எடுத்த, வெள்ளை முக்காடு போட்ட புதுநன்மைப் படம். லீவுக்கு வந்தாலும் ஸ்டுடியோ பக்கம் வரமாட்டேன் என்கிறாய். பாலன் இயேசு உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார். கோபம் வந்தால் நாலு வரி திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். அதோடு நர்ஸ் உடுப்பில் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. வலது கன்னத்தை மறைத்துத் திரும்பாமல், நேராகப் பார்த்து.

உன் அப்பத்தா
செபஸ்தியம்மாள்